என் மகள் தத்தெடுத்த வீடு

நர்சிங் படிக்கும் என் மகளுக்குக் கல்லூரியில் காட்டேரிக்குப்பத்தில் ஒரு குடும்பத்தைத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். கிராமத்தில் வேலை பார்க்கப் பழக வேண்டுமாம். வாரம் ஒருமுறை போய் அந்த வீட்டாரின் உடம்பைக் கவனிக்க வேண்டும்.

இன்று பிரஷர் பார்க்கும் கருவியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். வில்லியனூரிலிருந்து வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கே என் வயதுக்காரர் ஒருவர் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். என் மகள் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தில் புண் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சர்க்கரை.

"வலிக்குதாப்பா? செருப்பு இல்லாம கொல்லைக்குப் போவாதீங்கப்பா."

"நீ சொன்னா சரிம்மா" என்றார் அவர்.

எனக்கும் ஆறு வருடமாகச் சர்க்கரைதான். என் காலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. 'வாங்க போங்க' எல்லாம் அவருக்கு மட்டும்.

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, நம்ம வூட்டையே எடுத்திருக்கலாம் இல்ல?"

"சொந்த வூட்ட எடுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. அவரு சொன்னா கேப்பாரு. நீ கேப்பியா? நேத்து எத்தினி மைசூர்பாகு துன்ன?"

ஆளில்லாத ரோட்டில் ஹாரன் அடித்தேன்.

எங்கள் தெருவுக்கும் இதே மாதிரி வியாழக்கிழமைதோறும் வேறொரு கல்லூரிப் பெண் வருகிறாள். இதுவரை அவளைப் பார்த்தால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவேன். இந்த வாரம் காலைக் கழுவிக்கொண்டு நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன்.

அவளைப் பெற்றவர் இதைப் படித்தால், கீழே கமெண்ட்டில் வந்து திட்டிவிட்டுப் போகலாம்.