புளி போட்டுத் தேய்த்த ரோமானியக் காசுகள்

1. எவர்சில்வர் டப்பா

பழங்காசுத் தொழிலுக்கு வருகிற இளவட்டங்கள் என்னிடம் முதலில் கேட்பது, போலிக் காசை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான். அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். போலியைவிடப் பெரிய கண்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் புளி.

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் காசுப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். காசை விரலால் தேய்க்கிறவர், எச்சில் தொட்டுத் துடைக்கிறவர், யாராக இருந்தாலும் கத்திவிடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு ‘தொடாதே’ என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கவும் செய்தது.

என்னிடம் ஒருநாளும் திட்டு வாங்காத ஒரே வாடிக்கையாளர் சேதுராமன் சார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். சாக்கோட்டையில் வீடு. அவர் சேர்த்தது ஒரே ரகம், நாங்கள் ‘புரவின்ஷியல்’ என்று சொல்கிற வெண்கலக் காசுகள். ரோமாபுரி ஆட்சிக்குக் கீழே இருந்த பழைய கிரேக்க ஊர்கள், தங்கள் சந்தைச் செலவுக்குத் தாங்களே அடித்துக்கொண்ட சில்லறை அது. ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் தலை. மறுபக்கம் அந்த ஊரின் சாமியோ கோயிலோ ஆறோ இருக்கும். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் ஊர்ப் பெயர். எபேசு, ஸ்மிர்னா மாதிரிப் பெரிய ஊர்க் காசு தேடினால் கிடைத்துவிடும். சின்ன ஊர்க் காசுக்குத்தான் சார் வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பார்.

“ராசா தலையப் போடுன்னான், போட்டுட்டாக. ஆனா பாத்தீகளா, ஊரு பேர விட்டுக் குடுக்கல!” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ அவரே அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருப்பார்.

இந்தக் காசுகளுக்கு உயிரே மேல்தோல்தான். மண்ணுக்குள் ஆயிரத்தெண்ணூறு வருஷம் கிடந்த வெண்கலத்தின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு படிவு இறுகி நிற்கும். தொழிலில் அதைப் பாட்டினா என்போம். எழுத்தும் மூக்கும் முழியும் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. அதை உரித்துவிட்டால் காசு போச்சு. திரும்ப வராது.

சாருக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மகனும் மருமகளும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சாரின் மனைவி கண்ணாத்தாளுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அதனால் அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இது எனக்குத் தெரியும். சார் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று நானும் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அந்தம்மாவே ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, உள்ள வெல்வெட்டு வச்ச கண்ணாடிப் பெட்டி ஒண்ணு வேணும். அவுக நாளான்னிக்கு வீட்டுக்கு வாராக. வந்து பாத்து அசந்துறணும்.”

பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். கலகலவென்று கொட்டியது. பொங்கலுக்குத் தேய்த்த பித்தளைச் சாமான் மாதிரி அத்தனையும் மஞ்சள் மஞ்சளாக மின்னியது.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. ஒரு காசை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாணல் பிடித்துச் சாய்ந்து படுத்திருக்கும் ஆற்றுச் சாமி. நானே வாங்கிக் கொடுத்த காசு. அரிதிலும் அரிது. கரும்பச்சைத் தோல் முழுக்கப் போய்விட்டது. ஊர்ப் பெயரில் பாதி எழுத்தைக் காணோம். குட்டிக் குட்டியாகக் குழி.

“ஏண்ணே, சரியாப் போகலையா?” என்றார் அந்தம்மா. “ரெண்டு மூணுல இன்னும் கறுப்பு இருக்கு. புளியும் உப்பும் போட்டு ஊற வச்சும் போக மாட்டேங்குது. நீங்க ஏதாச்சும் மருந்து வச்சிருப்பீகள்ல?”

“யாரும்மா உங்களத் தேய்க்கச் சொன்னது?” என்று கத்திவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

2. முதலாளியின் யோசனை

விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நான் தேச்சது அழுக்கு இல்லையா?”

“இல்லம்மா.”

“எல்லாமே போச்சா?”

நான் லென்ஸை மடக்கி மேஜையில் வைத்தேன். ஆமாம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணே, இப்பத்தான் அவுக நெஞ்சப் பொளந்து தச்சிருக்காக. அதிர்ச்சியா எதுவும் சொல்லிறாதீகன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. வந்ததும் மொதல்ல இதத்தான் கேப்பாக. நான் என்னண்ணே பண்ணுவேன்?”

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

முதலாளி எழுந்து வந்தார். “இதுக்கா ரெண்டு பேரும் முழிக்கிறீக? மருந்துல முக்கி எடுத்தா சாயங்காலத்துக்குள்ள கறுப்பாயிரும். நாலடி தள்ளி நின்னு பாத்தா யாருக்குத் தெரியப் போகுது?”

சொன்னது உண்மைதான். கந்தக மருந்து ஒன்று இருக்கிறது. உரித்த வெண்கலத்தை அதில் போட்டால் பழுப்பேறிவிடும். தொழிலில் அது திருட்டுத்தனம். ஊர் ஊராகப் போய் அதற்கு எதிராகப் பேசியவன் நான். ஆனால் அன்றைக்கு, “செஞ்சுருவோம்மா. ஒரு மாசம் தாங்கட்டும். சாருக்குத் தெம்பு வந்த பிறகு மெதுவாச் சொல்லிக்கலாம்” என்று நானேதான் சொன்னேன். காசைவிட மனுஷன் பெரிசு இல்லையா?

அந்தம்மா காசுகளைக் கையால் கூட்டிக் குவித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

“வேணாம்ணே. அவுககிட்ட நான் பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சுரும். நான் பண்ணுனத நானே சொல்லிக்கிறேன். நீங்க மட்டும் அன்னிக்குக் கூட வந்து இருங்க. எனக்குப் பயமா இருக்கு.”

3. சாக்கோட்டை வீட்டில்

சொன்ன நாளில் டவுன் பஸ் பிடித்துப் போனேன். சார் ஹாலில் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் என்னைப் பார்த்ததும் கண்ணில் பழைய வெளிச்சம்.

“வாங்க வாங்க! ஏலத்துல ஏதாச்சும் சிக்கிருக்கா?”

நான் அந்தம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா டப்பாவைக் கொண்டு வந்து மெத்தையில் வைத்துத் திறந்தார். “நான் தேச்சுட்டேங்க. பீரோச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போனீகள்ல. எல்லாத்தையும் புளி போட்டுத் தேச்சுட்டேன்.”

சார் ஒரு காசை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

“ஒன்னய யாருடி தொடச் சொன்னா?”

அந்த உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து மகன் ஓடி வந்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அந்தம்மா நகரவே இல்லை.

“இத்தன வருசமா தொடாத தொடாதன்னீக. ஏன் தொடக் கூடாதுன்னு ஒரு நாளு சொன்னீகளா? ஊருல உள்ளவுகளுக்கெல்லாம் லென்ச வச்சுக் காட்டுனீக. எனக்குக் காட்டுனீகளா? அங்குட்டு ஒங்க நெஞ்ச அறுக்குறாக. இங்குட்டு நான் கையக் கட்டிக்கிட்டு எப்பிடி உக்காந்திருக்க? ஒங்க பொருளு எதையாச்சும் கையில வச்சுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு. அதான் தேச்சேன். சாமியக் கும்புட்டுக்கிட்டே தேச்சேன்.”

நெஞ்சிலிருந்த கையை எடுத்து, சார் அந்தம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். புளியும் உப்பும் தின்று விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதை நானும் அப்போதுதான் கவனித்தேன். கடையில் காசைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை.

சார் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு காசை எடுத்து அந்தம்மாவிடம் நீட்டினார்.

“இதுல யாரு இருக்கா, தெரியுமா?”

“ஏன் தெரியாம? ஒவ்வொருத்தரையும் மூஞ்சி கழுவி விட்ட மாதிரில்ல கழுவுனேன். இவ பொம்பள. தலையில கோட்டை மதிலத் தூக்கி வச்சிருக்கா. பாவம், கழுத்து வலிக்கும்.”

“அது வேற யாரும் இல்ல. அந்த ஊருதான். ஊரையே ஒரு சாமியா நெனச்சு, பொம்பளையா அடிச்சிருக்காக.”

“அப்ப ஒரு ஊரு அம்மன் தலையிலயா நான் புளியத் தேச்சேன்?”

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் மேல் தலையணையை அமுக்கிக்கொண்டு சிரித்தார். “சிரிக்க வைக்காத கண்ணாத்தா, வலிக்குது” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பா அழுகையா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். “அடுத்தத எடு” என்றார்.

நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். உப்பு காசுக்குள் இருந்தால் பச்சைப் பொடி பூத்து மிச்சத்தையும் அரித்துவிடும். அதனால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். எனக்கு ‘போயிட்டு வாங்க’ சொல்லக்கூட இரண்டு பேருக்கும் நேரமில்லை.

அந்தக் காசுகளை இனி எந்த ஏலத்திலும் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த ஆற்றுச் சாமிக் காசை நினைத்தால் மனசு ஆறவில்லை. அதை மறைப்பானேன்?

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் இதுதான். காசைத் தேய்க்கிறவரைப் பார்த்தால் இப்போதும் கத்தத்தான் செய்கிறேன். ஆனால் கத்திவிட்டு, லென்ஸைக் கையில் கொடுத்து, ஏன் என்று சொல்கிறேன்.

அன்று சாக்கோட்டையிலிருந்து வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம், “நான் கடையில என்ன வேலை பாக்குறேன், தெரியுமா?” என்று கேட்டேன்.

“பழைய காசு விக்கிறீக” என்றாள்.

“இப்பிடி வந்து உக்காரு. சொல்றேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.