தம்பிக்காக எனக்குப் போட்ட ஊசி

ஊசி எனக்கு, நோய் தம்பிக்கு. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி அது அடங்கியிருந்த சமயம். அடங்கியிருக்கும்போதே என் எலும்பு மச்சையை எடுத்து அவனுக்கு ஏற்றிவிட வேண்டும் என்றார்கள். ஏற்றிய பிறகு பல மாதங்களுக்கு அவன் உடம்பு பச்சைப் பிள்ளையின் உடம்பு மாதிரி இருக்குமாம். ஆளைக் கொண்டுபோக ஒரு சளிக்காய்ச்சல் போதுமாம். அதனால் எனக்கு முன்கூட்டியே நியூமோனியாவுக்கான தடுப்பூசி போட்டார்கள். என் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சம் மச்சையோடு அவனுக்கும் போய்ச் சேரும் என்று டொக்டர் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெண், பொறுமைசாலி.

“அக்கா, ஒன் கோவமும் சேர்ந்து வந்துருமா?” என்று தம்பி கேட்டான். “அதுக்கும் ஒரு ஊசி இருக்கான்னு கேட்டுப் பாரு.”

அம்மாவுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் பிடிபட்டது. தம்பியைக் காப்பாற்றப் போவது இப்போது என் உடம்புக்குள் வளர்கிறது. வளர்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? டவுன் பிள்ளையாருக்கு என் பெயரில் நேர்த்தி வைத்துவிட்டார். மச்சை ஏற்றி முடியும்வரை எனக்கு மரக்கறிச் சாப்பாடு. செவ்வாயும் வெள்ளியும் ஒரு பொழுது. முட்டை போட்ட கேக் கூடாது. செத்த வீட்டுக்குப் போகக் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டவர்களைக்கூட யாரும் இந்தப் பாடு படுத்தமாட்டார்கள். நான் முணுமுணுத்தேன், ஆனாலும் விரதம் இருந்தேன். அவனுக்காக என்பதால் பட்டினி கிடப்பதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மச்சை எடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை என் இரத்தத்தைச் சோதித்தார்கள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இரத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சு. என்ன சாப்பிடுறனீங்கள்?”

சொன்னேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்த நிலையில உங்களிட்ட எடுக்கேலாது. குளிசை தாறன். மீன், முட்டை, ஈரல் எல்லாம் சாப்பிடுங்கோ. திகதியைத் தள்ளிப் போடுவம்.”

அம்மாவிடம் திகதி மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு வேலை விட்டு வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அங்கிருந்த சாப்பாட்டுக் கடையில் பராட்டாவும் கோழி ஈரலும் சாப்பிட்டேன். ருசியே தெரியவில்லை. குளிசை விழுங்குவதுபோல் விழுங்கினேன். வீட்டுக்கு வந்து அம்மா வைத்த பருப்பையும் கீரையையும் மறுபடி சாப்பிட்டேன்.

என் இரத்தம் ஏறியது. அதற்குள் தம்பியின் நோய் திரும்பிவிட்டது. இந்தத் தடவை அது எந்த மருந்துக்கும் மசியவில்லை. மச்சை ஏற்றும் பேச்சை டொக்டர் பிறகு எடுக்கவே இல்லை. விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் அவன் போய்விட்டான். அவனுக்காக வளர்த்தது எல்லாம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை நினைத்தால் என் உடம்பின் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உண்மையச் சொல்லு. நேர்த்தி இருக்கையில நீ எங்கயாச்சும் மீனு, எறச்சி சாப்ட்டியா?”

இல்லை என்றால் பொய். ஏன் சாப்பிட்டேன் என்று சொன்னால், திகதி ஏன் தள்ளிப்போனது என்பதையும் சொல்ல வேண்டிவரும். அதைக் கேட்டபின் இந்த மனுஷி எப்படித் தாங்குவார்?

“சாப்ட்டேம்மா” என்றேன். “கடையில. நெறய தடவ.”

அம்மா எழுந்து குசினிக்குப் போனார். அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையால் ஊற்றும் தேத்தண்ணியை மட்டும் குடிப்பதில்லை.