ஏழு நிறம் வரை மஞ்சள் தூள்

மர்ட்டல் பூஷே பத்தொன்பது வயதில் பூட்ஸ் ஆலையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள். முப்பத்தாறு வருஷம் கழித்து ஆலையை இழுத்து மூடியபோதுதான் எழுந்தாள். அதற்குள் கட்டைவிரல் நகத்தில் இரண்டு முறை ஊசி இறங்கியிருந்தது. பிறந்த ஒரே பெண் குழந்தை ஒன்பதாம் நாளே போய்ச் சேர்ந்திருந்தது. அவளுக்கென்று மிஞ்சியது புருஷன் ரோஸேரும் பதினான்கு அடி அலுமினியப் படகும்தான். இரண்டில் எதன்மேல் பாசம் அதிகம் என்று யாராவது சீண்டினால், "படகு குறட்டை விடாது" என்பாள்.

மெயின் மாநிலத்தின் வடக்கில், அவர்கள் வீட்டு வாசலிலேயே ஏரி. பனிக்கட்டி உடைந்த நாளிலிருந்து இலை உதிரும் வரை இருவரும் தண்ணீரில்தான். படகை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு, பின்னால் ஆளுக்கொரு தூண்டிலை இழுத்துக்கொண்டே போவார்கள். வெயில் ஏறினால் சால்மன் மீனும் ட்ரவுட் மீனும் குளிர்ச்சி தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது ஈய நரம்பைப் போட வேண்டும். உள்ளே ஈயம் ஓடுகிற, கனத்தில் தானே இறங்குகிற தூண்டில் கயிறு அது; முப்பது அடிக்கு ஒரு தரம் நிறம் மாறும். எவ்வளவு விட்டிருக்கிறாய் என்று கேட்டால் அங்கே யாரும் அடிக்கணக்குச் சொல்லமாட்டார்கள், நிறக்கணக்குத்தான் சொல்வார்கள். கரையோரத்தில் தண்ணீருக்கடியில் மேடாகக் கிடக்கிற திட்டின் மேல் போகும்போது ஐந்து நிறம். மாட்டுப்பாறையைத் தாண்டினால் தரை சட்டென்று நூற்றிருபது அடிக்கு விழுந்துவிடும். அங்கே இன்னும் இரண்டு விட்டு ஏழாக்குவார்கள். ரோஸேர் முதலில் தன் நரம்பை விடுவான், அப்புறம்தான் அவளுடையதை. நாற்பது வருஷமாக அந்த வரிசை மாறவில்லை.

"ஒரு தடவையாவது என்னோடத முதல்ல விட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"முதல் மீன் உனக்கு விழுந்துடும். அப்புறம் ஊர் பூரா பீத்திக்குவ."

மீன் கடித்தால்கூட மோட்டாரை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் இன்னொரு நரம்பு ஏரித்தரையில் இறங்கி மாட்டிக்கொள்ளும். மோட்டாரோடு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அதை மணிக்கட்டில் மாட்டியிருந்தால், ஆள் தண்ணீரில் விழுந்ததும் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். அந்த ஏரியில் அதை மாட்டினவர் யாரும் இல்லை. தூண்டில் கோலுக்கும் மோட்டாருக்கும் நடுவே போய்வரும்போது காலைச் சுற்றும், நரம்பில் சிக்கும். ஒருநாள் மர்ட்டல்தான் எரிச்சல் தாங்காமல் அதைச் சுருட்டி, பிடுங்கிக்கொள்ள முடியாதபடி மோட்டாரிலேயே கட்டிவிட்டாள். ஆலையில் போட்டுப் பழகின முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது.

எழுபத்தோராவது வயதில் அவளுக்கு முழங்காலில் அறுவை நடந்தது. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அடுப்பில் பீன்ஸ் பானை வெந்துகொண்டிருக்க, ஊன்றுகோலோடு வாசலில் நின்றாள்.

"நான்தான் வர முடியல. என் கோலையாவது எடுத்துட்டுப் போ. அது நனையட்டும்."

"அதுல மாட்டுற மீன் யாரு கணக்கு?"

"என் கணக்குதான். வறுக்கப்போறது யாரு, உன் அத்தையா?"

சிரித்துக்கொண்டே போனான். மிதவைச் சட்டையை வழக்கம்போல் மடித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அவள் பார்த்தாள். சொல்ல என்ன இருக்கிறது, அவளும் அப்படித்தான் உட்காருவாள்.

பிற்பகலில் பக்கத்து வீட்டு எல்வுட் அந்தப் படகைத் தன் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு மைல் தள்ளி, மேற்குக் கரை நாணலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, மோட்டார் ஓடியபடி நின்றிருந்ததாம். படகோரத்தில் கோலை நிறுத்திவைக்கிற குழாயில் ரோஸேரின் கோல் செருகியிருந்தது; நரம்பு பின்னால் தண்ணீரில் இழுபட்டது. பக்கத்தில் மர்ட்டலின் கோலுக்கான குழாய் காலி.

எல்வுட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மர்ட்டல் படகுத்துறை மரப்பாலத்தில் ஊன்றுகோலைப் போட்டாள், படகில் இறங்கி உட்கார்ந்தாள், ரோஸேரின் கோலை எடுத்து நரம்பைச் சுற்ற ஆரம்பித்தாள். கடைசி வரை சுற்றினாள். நரம்பின் நுனியில் மீனை ஏய்க்கிற தகட்டைப் பாவாடையில் துடைத்தாள். கொக்கியைக் கோலின் வளையத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவன் எங்க, எல்வுட்?"

தூண்டில் இழுத்துப் பழகின கை தண்ணீரில் நரம்பு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. அது புத்தியைக் கேட்டுச் செய்கிற வேலை இல்லை.

மறுநாள் காலை ஏரிக்காவலர் ஹஸ்கின்ஸ் நோட்டோடு வந்தான். நல்ல பிள்ளை, பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வருகிறவன்.

"அம்மா, நரம்பு எத்தனை நிறம் வெளிய இருந்துச்சு?"

"சுத்திட்டேன்."

"எல்வுட் சொன்னார். சுத்தும்போது எண்ணியிருப்பீங்களே?"

"சுத்திட்டேன்னு சொல்றேன்ல!"

நாற்பது வருஷம் எண்ணாமல் அவள் சுற்றினதே இல்லை. அன்றைக்கு ஒரு நாள் எண்ணவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருந்தால், அவன் திட்டின் மேல் விழுந்தானா, ஆழத்தில் விழுந்தானா என்பது தெரிந்திருக்கும். பதினொரு மைல் ஏரியில் வேறு எதை வைத்துத் தேடுவது? படகு நின்ற மேற்குப் பக்கத்தை வைத்துத் தேடினார்கள்.

தண்ணீருக்கடியில் கேமராவை இறக்கிப் பார்க்கிற படகை வைத்து ஒன்பது நாள் தேடினார்கள். ஒன்பதாம் நாள் ஹஸ்கின்ஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"வடக்கே வேற ஏரியில ஒருத்தர் விழுந்துட்டாரும்மா. கேமரா படகு அங்க போகணும். திரும்பி வர பத்து நாளாவது ஆகும்."

"அதுக்குள்ள அவன் தானா மேல வருவானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவ்வளவு ஆழத்துல குளிர் ஜாஸ்திம்மா. வரமாட்டாங்க."

அது அவளுக்கும் தெரியும். அந்த ஏரி அப்படி வைத்துக்கொண்ட ஆட்கள் மூன்று பேரின் பெயரை அவளால் சொல்ல முடியும். கல்லறைத் தோட்டத்தில் குழந்தையின் கல்லுக்கு இரண்டு பக்கமும் இடம் வாங்கிப் போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் அவனுக்கு, ஒரு பக்கம் அவளுக்கு. ஆள் இல்லாமலே பூசை வைத்து முடித்துவிடலாம் என்று பாதிரியார் சொல்லி அனுப்பினார். "காலிப் பெட்டிக்கு நான் அழமாட்டேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள்.

அடுத்த நாள், படகைக் கவிழ்த்து வைக்கட்டுமா என்று கேட்க எல்வுட் வந்தபோது, அவள் கருப்புப் பாவாடையோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரோஸேரின் கோல். ஈரத்தோடு சுற்றின நரம்பு மக்கிப்போகும், காயவைக்கலாமே என்றுதான் எடுத்தாள். கோலின் சக்கரத்திலிருந்து உருவி உருவிப் புல்லில் போட்டாள். உருவ உருவப் பாவாடையில் மஞ்சளாகத் தூள் கொட்டியது.

பைன் மரத்துப் பூந்தூள். ஜூன் மாதத்தில் ஏரி முழுக்க மஞ்சள் ஏடு கட்டிக் கிடக்கும். தண்ணீரிலிருந்து இழுக்கிற நரம்பு அந்த ஏட்டைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அவள் கை நின்றது. பிறகு மெல்ல உருவினாள், ஒவ்வொரு நிறமாக. ஐந்தாவதிலும் தூள். ஆறாவதிலும் தூள். ஏழாவதின் கடைசி வரைக்கும் தூள். எட்டாவது நிறம் கடையில் வாங்கினபோது இருந்தமாதிரி சுத்தமாக இருந்தது.

"எல்வுட், உன் படகுல பெட்ரோல் இருக்கா?"

"எதுக்கு?"

"ஏழு போட்டிருக்கான். மாட்டுப்பாறையத் தாண்டிட்டான். அவனோடத விட்டு முடிச்சுக் குழாயில வச்சுட்டான். என்னோடத விடறப்பதான் ஏதோ ஆகியிருக்கு. குழாயில இருந்த கோல் தானா எப்படிப் போகும்? கையில இருந்தாத்தான் போகும்."

"மர்ட்டல், உன் முழங்கால்..."

"முழங்காலா நரம்பு பிடிக்கப்போகுது? நீ ஓட்டுவியா, இல்ல நானே ஓட்டிக்கட்டுமா?"

"ஓட்டுவேன், ஓட்டுவேன். நீ ஓட்டினா நாளைக்கு என்னையும் சேர்த்துத் தேடணும்."

சொன்ன பிறகு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கண்டுகொள்ளவில்லை.

மாதா கோயில் வெள்ளைக் கோபுரம் மாட்டுப்பாறைக்கு நேர் மேலே தெரிகிற இடம்தான் அவர்கள் நரம்பு விடுகிற இடம். அங்கிருந்து நூறு நூற்றைம்பது அடிக்குள் எல்வுட் முன்னும் பின்னுமாகப் படகை ஓட்டினான். ரோஸேரின் நரம்பில் ஈயக்குண்டும் பெரிய மும்முனைக் கொக்கியும் கட்டி, தரையைத் தொடும்படி விட்டு, அவள் இழுத்துக்கொண்டு வந்தாள். பத்தொன்பதாவது தடவை எதுவோ மாட்டியது. சுற்றினாள். மேலே வந்தது ஒரு கோல். பிடியில் பச்சை நாடா. வழுக்காமல் இருக்க அவளே சுற்றின நாடா.

அவள் கோலின் நரம்பு நேராகக் கீழே இறங்கியது. சக்கரத்தைத் திருப்பித் தளர்வை எடுத்தாள். கீழே ஒரு கனம். பாறையாக இருந்தால் அசையாது. இது கொஞ்சம் வந்து, திரும்பப் போனது.

அவள் அதற்கு மேல் இழுக்கவில்லை. "நங்கூரத்தப் போடு" என்றாள். "ஹஸ்கின்ஸுக்குப் போன் பண்ணு."

வடக்கே விழுந்தவர் அன்று காலையிலேயே கிடைத்துவிட்டாராம். கேமரா படகு வந்து சேர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"பிளாஸ்டிக் கேன்ல கட்டி மிதக்க விட்டுட்டு வீட்டுக்குப் போகலாம், மர்ட்டல். கை மரத்துப்போயிடும்."

"பிடிச்சிருக்கேன்."

வெயில் பாறைக்குப் பின்னால் சாய்ந்தது. அவள் கோலை முழங்காலில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அந்தச் சிவப்புக் கயித்தக் கட்டிப்போட்டது நான்தான், எல்வுட்" என்றாள்.

எல்வுட் தன் மோட்டாரைப் பார்த்தான். அங்கேயும் ஒரு சிவப்புக் கயிறு சுருண்டு, முடிச்சுப்போட்டுக் கிடந்தது.

"இதக் கட்டினது நான்" என்றான்.

ஹஸ்கின்ஸ் வந்து கேமராவை நரம்பை ஒட்டியே இறக்கினான். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"கொக்கி சட்டைக் கையில மாட்டியிருக்கும்மா. நரம்ப உள்ளங்கையில ரெண்டு சுத்துச் சுத்திப் பிடிச்சிருக்கார்."

"அந்தக் கோல் நாப்பது டாலர்கூடப் பெறாது" என்றாள் மர்ட்டல். "முட்டாள். முட்டாள் பய."

"இயந்திரக் கையால பிடிச்சு மெதுவா தூக்கப்போறோம். நரம்ப வெட்டிடட்டுமா?"

"வெட்டாதே. நீ தூக்கு. தளரவிட்டா எல்லாம் சிக்கும். நான் சுத்தறேன்."

அவன் எல்வுட்டைப் பார்த்தான். எல்வுட் தலையை ஆட்டினான்.

அந்தப் பக்கம் இயந்திரக் கையின் இரும்புக் கயிறு ஏற ஏற, இந்தப் பக்கம் அவள் சுற்றினாள். அதிகம் இழுக்கவில்லை, தளரவும் விடவில்லை. இந்தத் தடவை எண்ணினாள், வாய்விட்டு. நாலு. மூணு. பூந்தூள் விரல்களில் மஞ்சளாக ஒட்டியது. ரெண்டு. தண்ணீருக்கடியில் வெளுப்பாக ஏதோ தெரிந்தபோது எல்வுட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திருப்பவில்லை.

"ஒண்ணு" என்றாள், சக்கரத்தை நிறுத்தினாள், படகின் ஓரத்தில் குனிந்து கையை நீட்டினாள்.