கோடு மேலேயே ஏறியது

கரமனையிலிருந்து பஸ் பிடித்து பிஎச்.டி.க்காக ஆய்வகத்துக்குப் போய்வந்த வருஷங்களில் என் வேலை, கடுகளவு படிகம் ஒன்றைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்துக் காத்திருப்பது. போதுமான அளவு குளிர்ந்ததும் அது மீகடத்தியாகிவிடும். மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அபூர்வமான சில மீகடத்திகளில், யாரும் தூண்டாமலே உள்ளுக்குள் மின்னோட்டங்கள் தாமாகச் சுழலத் தொடங்கும். காலத்தைத் திருப்பி ஓட்டினால் அவை எதிர்த்திசையில் சுழலும். அதனால் அந்தப் படிகத்துக்குக் காலத்தின் முன்னும் பின்னும் ஒன்றல்ல. அந்தச் சுழற்சி எழுப்பும் மெல்லிய காந்தப்புலத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அது வந்தது. படிகம் மீகடத்தியான அதே நேரத்தில், திரையில் காந்தப்புலத்தைக் காட்டும் கோடு மேலே ஏறியது. ஓடிப்போய் என் கைடு மேடத்தைக் கூட்டிவந்தேன். மலையாளி, என்னிடம் மட்டும் தமிழ் கலந்து பேசுவார்.

"கொள்ளாமே, நல்லாருக்கே! சூடாக்கிட்டு இன்னும் ஒரு தடவைகூடி குளிரவை. திசை மாறுதான்னு நோக்கணும்."

தானாகப் பிறக்கும் ஓட்டம் எந்தப் பக்கமும் சுழலலாம். கோடு சில தடவை மேலேயும் சில தடவை கீழேயும் போகவேண்டும். எங்களுடையதோ எத்தனை தடவை குளிரவைத்தாலும் மேலேயே ஏறியது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முழுவதும் அதைத் தேடினோம். பம்பை நகர்த்தினோம், லிஃப்டைச் சந்தேகப்பட்டோம், காந்தக் கவசத்தை மாற்றினோம். கடைசியில், படிகத்தைப் பிடித்திருந்த சின்னச் சுருள்வில்லில் லேசான காந்தம் இருந்தது தெரிந்தது. அந்தக் காந்தப்புலத்தைப் படிகம் வெளியே தள்ளியதைத்தான் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியிருக்கிறோம். வில்லை மாற்றினேன். கோடு அசையவே இல்லை.

"இல்லைன்னு எழுது. அதும் ரிசல்ட் அல்லே?" என்றார் மேடம்.

"இல்லாததைத் தேடவா மேடம் இத்தனை வருஷம்?"

அவர் திரையை அணைத்தார். "எனக்கும் விஷமம் உண்டு, குட்டி," என்றார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். எனக்கு வருத்தமில்லை, அந்த வில்லைக் காலால் நசுக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டில் கணவர் வழக்கம்போல, "இன்னிக்காவது வந்துதா?" என்றார்.

"இனிமே அதைக் கேக்காதேங்கோ."

அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஆய்வேட்டில் 'காணப்படவில்லை' என்று ஓர் அத்தியாயம் எழுதினேன். வேறெதையும் அத்தனை கவனமாக எழுதியதில்லை. பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.