இடது பக்கச் சக்கரம்

மகள் வயிற்றுப் பேரன் ஒரு கார் வாங்கியிருக்கிறான். நாலு கதவு வைத்த கார்தான், ஆனால் வேகத்துக்கென்றே செய்தது என்கிறான். கம்பெனி கொடுத்த சக்கரங்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரமாகச் சாப்பிடும்போதுகூட போனைப் பார்த்துக்கொண்டு, பதினேழு இஞ்சா பதினெட்டா, ஆப்செட் நாற்பத்தைந்தா முப்பத்தைந்தா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். ஆப்செட் எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்குமாம். போன ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் பின்பக்க மட்கார்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, முப்பத்தைந்து வேண்டாம், பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் டயர் உரசும் என்று மலையாளத்தில் சொன்னார். பேரன் சிரித்தான்.

"பின்னாடி யாரு உக்காரப் போறாங்க?"

சாதாரணமாகத்தான் சொன்னான். நான் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். இதே பேச்சை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் நான் பத்து வயதில் கேட்டிருக்கிறேன். அதன் பின்னால் நடந்ததை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

எங்கள் ஊர் எருத்தேன்பதி, கேரள எல்லையோரம். தேங்காயும் கடலையும் விலை போன ஒரு வருஷம், மற்றவர்கள் கிணற்றுக்கு மோட்டார் வாங்கினார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, கார் வாங்கினார். கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளியின் மகன் பந்தயத்தில் ஓட்டிக் கழித்துவிட்ட கார். அதன் சத்தத்துக்கு எங்கள் எருமை இரண்டு நாள் பால் கறக்கவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அதுவும் போதவில்லை. சக்கரம் மெலிதாக இருக்கிறது, கார் காலைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று குறைப்பட்டார். கோயமுத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் ரிம்களைக் கொண்டுபோனார். துணைக்கு நானும் போனேன்.

ரிம்மை வட்டமாக அறுத்து, நடுவில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தால் அகலம் கூடும். அந்த அகலத்தை உள்பக்கம் கூட்டுவதா வெளிப்பக்கம் கூட்டுவதா என்பதில்தான் வாதம். பாதி பாதியாகப் பிரித்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். அத்தனையும் வெளியே வர வேண்டும் என்றார் மாமா.

"அத்தனையும் வெளிய தள்ளுனா, ஆளு ஏறுனதும் மட்கார்டு டயரத் திங்குமுங்க."

"ஆளு ஏத்தறதுக்கு நானென்ன பஸ்ஸா வாங்கியிருக்கறன்?"

பட்டறைக்காரர் மாமா சொன்னபடியே பற்றவைத்தார். ஒரு வழி மட்டும் சொல்லிக்கொடுத்தார். மட்கார்டின் உள்விளிம்பில் ஈரச் சுண்ணாம்பைத் தடவிக் காயவிட வேண்டும். வண்டியை ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால், டயர் உரசிய இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருக்கும். ஒல்லியாக இருந்த நான் அந்த நாளிலிருந்து மாமாவின் சுண்ணாம்புப் பரிசோதகன் ஆனேன். மாமா தனியாக ஓட்டியவரை சுண்ணாம்பு தேயவே இல்லை. கார் தோளை விரித்துக்கொண்டு நின்றது. ஊரே வந்து பார்த்தது.

இனி பெரியம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் அக்கா. பெரியப்பா செத்தபிறகு தன் ஒரே மகளுடன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். அவளைப் பதினாறு வயதில் உப்புத் தண்ணீர் ஊருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தினமும் விடியுமுன் ஒரு மைல் நடந்து குடிதண்ணீர் சுமந்தவள். என்னை வளர்த்ததில் பாதிக்கு மேல் அவள் கை.

அவள் மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு வரன் வந்தது. பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பேச்சை முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பயணத்தில் தாலி இல்லாதவள் வரலாமா என்று வீட்டில் சில நாட்கள் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. எனக்கு அது காதில் விழுந்தது, புரியவில்லை. பெற்றவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று அம்மா ஒருநாள் உரக்கச் சொன்னாள். கடைசியில், பெரியம்மா வரலாம், மற்றவர்கள் முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்தபிறகு அவள் பின்பக்கமாக அடுப்படிக்குப் போகலாம் என்று முடிவானது. அவள் அதற்கும் சரி என்றாள். அவளுக்கு வாசல் முக்கியமில்லை. கிணற்றைப் பார்க்க வேண்டும், தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். முன்னால் மாமாவும் அப்பாவும். பின்னால் வலது பக்கம் வெற்றிலை பாக்குத் தட்டத்தை வைத்துக்கொண்டு அத்தை, மாமாவின் மனைவி, நல்ல பருமன். நடுவில் அம்மா. இடது ஜன்னலோரம் பெரியம்மா. அவள் மடியில் நான். வண்ணாமடை முக்கில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். புகழ்பெற்ற அந்தக் காரில் நான் போவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தார்கள். "டேய், மடியில உக்காந்து போறான் பாரு" என்று ஒருவன் கத்தினான். பெரியம்மா சிரித்துக்கொண்டே என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அவள் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

சிறிது தூரத்தில் சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து பர்ரென்று தகரம் தேய்க்கும் சத்தம், கூடவே ரப்பர் தீயும் வாசனை. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் மாமா வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். என்னை இறங்கிப் பார்க்கச் சொன்னார்.

முதலில் இடது பக்கம் குனிந்தேன். சுண்ணாம்பு தடவியது தடவியபடி இருந்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். அங்கே சுண்ணாம்பே இல்லை. டயரின் தோள் வெள்ளையாகி, தொட்டால் சுட்டது. மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருந்த பக்கம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இடது பக்கமே திரும்பி வந்தேன்.

"எந்தப் பக்கம்டா?" என்று மாமா கேட்டார்.

"எடது பக்கம் மாமா" என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். அந்த இடம் காலியானால் ஜன்னல் எனக்கு. மனதில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதைச் சொல்வதால் குற்றம் குறையாது என்று எனக்குத் தெரியும்.

"ஒராளு கொறஞ்சாப் போதும்" என்றார் மாமா, கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தபடி. யார் என்று சொல்லவில்லை. அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தட்டத்தின் மேலிருந்த துணியைச் சரிசெய்தாள். பெரியம்மா குச்சி மாதிரி இருப்பாள். அவள் இறங்கி எவ்வளவு எடை குறைந்துவிடும்? பின்னால் இருப்பவர்கள் இடம் மாறி உட்கார்ந்து பார்க்கலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

"நா எறங்கிக்கறன் தம்பி" என்றாள் பெரியம்மா. "வெயிலேறறதுக்குள்ள நீங்க போயிச் சேருங்க."

இறங்கியவள் நேராகப் போகவில்லை. காரின் பின்னால் சுற்றி வலது சக்கரத்துக்குப் போய்க் குனிந்தாள். பிறகு நான் நின்ற இடது பக்கம் வந்து குனிந்தாள். முழுசாக இருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குள் மாமா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். பெரியம்மா நாலு விரலையும் மட்கார்டுக்குள் விட்டு, விளிம்பு நெடுக ஓர் இழுப்பு இழுத்தாள். சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த வெள்ளைச் சேலையில் அது தெரியவில்லை.

"நீ எறங்காத தம்பி. பையன் சொன்னது சரிதான். இந்தப் பக்கந்தான் தேஞ்சிருக்குது."

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். தானும் கூட வருவதாகச் சொன்னாள். அத்தனை பேரும் திரும்பினால் பேச்சுக் கெட்டுப்போகும் என்று பெரியம்மா அவளை உட்காரவைத்தாள். பிறகு என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"கண்ணு, அங்க போனா கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடிச்சுப் பாரு. உப்பா, நல்லதான்னு பெரியம்மாகிட்ட வந்து சொல்லு."

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செக்போஸ்டைத் தாண்டியதும் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. அதே பர், அதே வாசனை. மாமா நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கச் சொல்லவும் இல்லை. இப்போது காற்று நன்றாக வருகிறது என்றாள் அத்தை. மாப்பிள்ளை வீடுவரை வழி நெடுகச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காரிலிருந்த நாலு பெரியவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே எனக்குக் கலர் சோடா கொடுத்தார்கள். ஒன்று குடித்ததும் இன்னொன்று கொடுத்தார்கள். தெருப் பிள்ளைகள் சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள். எத்தனை இஞ்சு வெளியே தள்ளியிருக்கிறது, ஏன் தள்ளியிருக்கிறது என்று பட்டறைக்காரர் மாதிரியே விளக்கினேன். கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்ததாக அம்மா பிறகு சொன்னாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தாள். பஸ் கிடைத்ததா, நடந்தே வந்தாளா என்று நான் கேட்கவில்லை. அம்மா வந்து வீடு எப்படி, மனிதர்கள் எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். பெரியம்மா கேட்டுக்கொண்டாள், தண்ணீரைப் பற்றி அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா போனபிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தண்ணி குடிச்சியா கண்ணு?"

"குடிச்சன் பெரியம்மா. எளநி மாதர இருந்துச்சு."

தை மாதம் அக்காவின் கல்யாணம் நடந்தது. அன்று பெரியம்மா சமையல் சாமான் வைத்திருந்த உக்கிராண அறையை விட்டு வெளியே வரவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. ஒருமுறை இறங்கியவளை மறுபடி எந்த நல்ல காரியத்துக்கும் வண்டியில் ஏறச் சொல்ல வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. மகள் குடித்தனம் செய்த வீட்டை அவள் சாகும்வரை பார்க்கவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அக்கா வாய்க்கால் மேட்டுக் கிணற்றுக்குப் போய்க் குடத்தில் சுமந்தாள். முதல் தீபாவளிக்கு வந்தபோது, தலைக்கு ஊற்றிவிட்ட பெரியம்மா அவள் இடுப்பில் குடம் வைத்து வைத்துக் கறுத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையாம். எனக்குத் தலை நரைத்தபிறகு அக்காவே இதைச் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நான் பொய் சொல்லக்கூடியவன் என்று பெரியம்மாவுக்கு அன்று காலையிலேயே தெரியும். அப்படியிருந்தும் மாலையில் என்னிடம்தான் கேட்டாள். காரிலிருந்த மற்றவர்களுக்கு அவள் இறங்க வேண்டியிருந்தது, எனக்கு ஜன்னல் மட்டும்தான் வேண்டியிருந்தது என்று அவள் வித்தியாசம் பார்த்திருக்கலாம். இரண்டாவது தடவையாவது உண்மை சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். எழுபது தாண்டியும் என்னால் அதைத் தீர்மானிக்க முடியவில்லை. அன்று கொட்டில் வாசலில் நின்று நான் பார்த்ததெல்லாம், என் பதிலைக் கேட்டதும் அவள் மெதுவாகத் தலையாட்டிவிட்டு மறுபடி பால் கறக்கத் தொடங்கியதைத்தான். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.