அறிவிப்புப் பலகையில் ஒரு தோல்வி

எங்கள் துறைமுக அலுவலகத்துப் பலகையில் ஒரு தாளை ஒட்ட வரிசை எண், வட்ட முத்திரை, சூப்பரிண்டெண்டின் சுருக்கொப்பம் இருந்தால் போதும். ஒட்டினால் ஏழு நாள் இருக்க வேண்டும். அதற்குமுன் கிழிப்பதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும், அதில் காரணம் வேண்டும், நகல் ஒன்று சென்னையிலுள்ள மேலதிகாரிகளுக்குப் போக வேண்டும். 1948இல் அந்த விதியைப் படித்து வைத்திருந்தவன் அங்கே நான் ஒருவன்தான். புரொபேஷனில் இருந்த கிளார்க் வேறு எதைப் படிப்பான்? வேலை நிரந்தரமாகாவிட்டால் சாத்தான்குளத்துக்குத் திரும்பி, அப்பாவின் கடையில் கருப்பட்டிச் சிப்பம் கட்ட வேண்டியதுதான்.

அப்போது தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. சில மைல் தள்ளி நங்கூரம் போடும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். எந்தக் கப்பலுக்கு எந்தத் தோணி என்று தினமும் தமிழில் எழுதி ஒட்டுவது என் வேலை. அந்த ஆடி மாதத்தில் தோணிக்காரர்கள் கப்பலை விட்டுவிட்டுக் கால்பந்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி ஆடப் போகிறது, அதில் பலர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் உப்பளத்து ஓரத்தில் வெறுங்காலோடு பந்து உதைக்கிறவர்களுக்கு அது சொந்தக்காரன் செய்தி.

ஒரு தண்டல், அதாவது தோணித் தலைவர், காலையும் மாலையும் என் ஜன்னலில் தலையை நீட்டுவார். "கிளார்க்கையா, நம்ம பயலுவ ஆடியாச்சா?"

சென்னைப் பத்திரிகை ரயிலில் வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்து நாளாகியிருந்தது. ஒவ்வொரு தோணிக்காரருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தீராது என்று ஒரு தாளை எடுத்தேன். 'லண்டன் ஒலிம்பிக் கால்பந்து. பிரான்ஸ் 2, இந்தியா 1. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீண். பிரான்சின் இரண்டாவது கோல் ஆட்டம் முடியும் தறுவாயில்.' எண் போட்டேன், முத்திரை குத்தினேன். ஒப்பத்துக்கு வைக்கும் தாள்களில் சூப்பரிண்டெண்ட் முதல் தாளை மட்டும் படிப்பார். மற்றவற்றின் மூலையில் சுருக்கொப்பம் இடுவார். இந்தத் தாள் நான்காவதாக இருந்தது. தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

பலகைக்கு முன்னால் கூட்டம் கூடியது. தண்டலுக்குப் படிக்கத் தெரியாது; நான் படித்துக் காட்டினேன்.

"அந்த ரெண்டு பெனால்டியவும் எழுதிட்டீராவே?"

"எழுதியிருக்கேன்."

"நல்லது. இல்லன்னா நாளைக்கு எவனாவது வந்து சொல்லி நம்மளக் கேலி பண்ணுவான்."

அந்த நேரம் காபி குடித்துவிட்டுச் சூப்பரிண்டெண்ட் திரும்பினார். ஒரு வருடத்துக்கு முன்பு வரை வெள்ளைக்கார அதிகாரி எதிரே எந்தப் பளபளத்த பூட்ஸில் நின்றாரோ, அதே பூட்ஸ்.

"என்னவே இது? தோத்ததப் போயி எவனாவது ஒட்டுவானா?"

"கப்பல் வராட்டாலும் வரலைன்னு ஒட்டுதோம்லா, சார்."

"பூட்ஸு மாட்டத் தெரியாத பயலுவ, லண்டன் வரைக்கும் போயி மானத்த வாங்கியிருக்கானுவ. கிழிச்சுப் போடும்."

தண்டல் தலைத்துண்டை எடுக்காமலே சொன்னார்: "சார்வாள், பூட்ஸு போட்டவன அவனுவ கடேசி நிமிசம் வரைக்கும் தண்ணி குடிக்க வச்சிருக்கானுவ. நீங்களும் பூட்ஸோட ஞாயித்துக்கெழம உப்பளத்துக்கு வாங்க. கோல் போட வேண்டாம், ஒரு தடவ பந்தத் தொட்டுக் காட்டுங்க."

கூட்டம் சிரித்தது. சூப்பரிண்டெண்ட் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஒம்ம கன்பர்மேஷன் பேப்பர் என் மேசையிலதான் கெடக்கு. தெரியும்லா?"

"தெரியும், சார். கிழிக்கச் சொல்லி எழுத்துல உத்தரவு குடுங்க. இப்பவே கிழிச்சிருதேன்."

எழுத உட்கார்ந்தார். 'அனுமதியின்றி ஒட்டப்பட்டதால்' என்று தொடங்கினார். அவருடைய சுருக்கொப்பம் மூலையில் இருப்பதை நினைவூட்டினேன். அடுத்த தாளில் 'பொது நலன் கருதி' என்றார். எந்தப் பொது நலன் என்று சென்னையில் கேட்பார்கள் என்றேன். மூன்றாவது தாளில் 'தேசத்துக்கு இழுக்கு' என்று வந்தது. "தேசிய அணி ஆடுனதே இழுக்குன்னு நீங்க எழுதுனதா ஆயிரும், சார்" என்றேன். சுதந்திரம் வந்து வருடம் முடியாத நேரம். அப்படி ஒரு வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட யாருக்கும் துணிவு வராது. மூன்று தாள்களும் குப்பைக்கூடைக்குப் போயின.

மாலையில் எனக்கு ஒரு உத்தரவு வந்தது. புரொபேஷன் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம், 'மேலும் கவனிக்கப்பட வேண்டியவர்.' பிழையில்லாத உத்தரவு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

தண்டலுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. மறுநாள் ஜன்னலுக்கு வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. "எங்களால ஒமக்கு வெனையாப் போச்சே. நானே பிச்சிருதேன். ஆடிக் காத்து, பறந்துட்டுன்னு சொல்லிரும்."

"காத்துல பறந்தா அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. நகல் மூணு. எழுத நேரமில்ல."

"வெளையாட்டுக்குச் சொல்லலவே. ஒம்ம சோறு."

"தாளத் தொட்டா நாளைக்கு ஒம்ம தோணி நம்பரக் கடைசியிலதான் எழுதுவேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். உண்மையில் எனக்கு அப்படி எழுத அதிகாரம் கிடையாது. அது அவருக்குத் தெரியாது.

ஏழு நாளும் தாள் இருந்தது. எட்டாம் நாள் விதிப்படி நானே எடுத்துக் கோப்பில் வைத்தேன்.

பிறகு நம் அணி ஹாலந்தில் ஆடி ஜெயித்த செய்தி வந்தது. இம்முறை பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தவர் சூப்பரிண்டெண்ட்.

"இத ஒட்டும் வே. செவப்பு மையில, நல்லாப் பெருசா."

"செவப்பு மை புயல் எச்சரிக்கைக்கு மட்டுந்தான், சார்."

"சரி, எழுத்தாவது பெருசாப் போடும்."

"தோத்தப்போ போட்ட அளவுலதான் போடுவேன், சார்."

அவர் பத்திரிகையை மடித்தார். "ஆறு மாசம் போதாது போலிருக்கே ஒமக்கு."

"ஒரு வருசமாவே எழுதிக்கிடுங்க, சார்" என்று சொல்லி, பேனாவைக் கறுப்பு மையில் தொட்டு, அதே சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினேன்.