பாபநாசத்து வெள்ளைக் கோழிகள்

பன்னிரண்டு வருஷம் துபாய்க் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்த லியாகத் அலி, 1996-இல் பாபநாசத்துக்குத் திரும்பி நாட்டுக்கோழிப் பண்ணை வைத்தார். தகப்பனைப் போட்டோவிலேயே பார்த்து வளர்ந்த ஆறு வயது மகள் ஜஸீலா அவரைப் 'போட்டோ அத்தா' என்றே கூப்பிட்டாள். அதில் 'போட்டோ' போக வேண்டும், அதற்காகத்தான் வேலையை உதறிவிட்டு வந்தார்.

கோழியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரியாணியோடு முடிந்துவிடும். ஆனால் வெளிநாடு போய் வந்தவர் தெரியாது என்று சொல்லலாமா? கோழிகளுக்குப் பேன் பிடித்தபோது யாரையும் கேட்காமல், நெற்பயிருக்குத் தூவும் பூச்சிப் பொடியை வாங்கி வாரம் தவறாமல் தூவினார். பெயின்ட்காரர் கை, ஓர் இடம் விடாது. நூறு கோழியும் வெள்ளை வெளேரென்று உலாவின.

ஐப்பசியில் தடுப்பூசி முகாம் நடந்தது. அவருடைய நூறுக்கும் பக்கத்து வீட்டு அம்சவல்லியின் ஏழுக்கும் ஒரே நாள், ஒரே மருந்து. கார்த்திகையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. சாம்பலில் புரண்டு திரிந்த அம்சவல்லியின் ஏழும் பிழைத்துக்கொண்டன. இவருடையதில் எழுபது செத்தன.

ஊசி போலி என்று முடிவுகட்டி, செத்த கோழி ஒன்றைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு முகாமில் ஊசி போட்ட ஒரத்தநாட்டுக் கால்நடை டாக்டர் ரெங்கசாமியிடம் சண்டைக்குக் கிளம்பினார்.

"ஜஸீலாவுக்கு மறுபடியும் காய்ச்சலுங்க. இந்த மழைக்கு மூணாவது தடவை" என்றார் மனைவி சஃபியா.

"வந்து பாக்குறேன்" என்று பஸ் ஏறியவர், வழி முழுக்கச் சண்டை வசனத்தை ஒத்திகை பார்த்தார்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். "கோழிக்கு வேற என்ன போட்டீங்க பாய்?"

லியாகத் அலி பெருமையாகவே சொன்னார்.

"ஊசி வழிதான் காட்டும். நோயோட மல்லுக்கட்டுறது கோழியோட உடம்பு. விஷம் உள்ள போய்க்கிட்டே இருந்தா அந்தத் தெம்பு குறைஞ்சு போகலாம். அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா என் சந்தேகம் அந்தப் பொடி மேலதான்."

திருடனைப் பிடிக்கிறேன் என்று போலீஸைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்த கதையாகிவிட்டது. லியாகத் அலிக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

"அதை வேற எதுக்காச்சும் போட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் பேன் தொற்றி வந்த ஜஸீலாவின் தலையில், மிச்சப் பொடியைத் தூவித் துணி கட்டிவிட்டவர் அவர்தான். ஒரு தடவை அல்ல, நாலு வெள்ளிக்கிழமை. அந்த முதல் வெள்ளிக்கிழமைதான் அவள் அவரை முதன்முறையாக வெறும் 'அத்தா' என்று கூப்பிட்டாள். பிள்ளை தலையில் பொடி போட்டதை டாக்டரிடம் சொன்னார்.

"முதல்ல பிள்ளை தலையைக் கழுவிட்டு, டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க" என்றார் ரெங்கசாமி.

சாக்கை அங்கேயே போட்டுவிட்டு லியாகத் அலி பஸ்ஸுக்கு ஓடினார். பிள்ளை நல்லபடியாக இருந்தால் போதும். ஆயுசுக்கும் போட்டோ அத்தாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வழியெல்லாம் அல்லாஹ்விடம் கெஞ்சினார்.